ஏழாம் மாடியில் பெருங்காயம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். கேஸ் கசிந்துகொண்டிருந்த ஒரு கட்டடத்திலிருந்து பத்திரமாக வெளியே வந்து நின்ற மனிதர்களை, "ஒரு பயமும் இல்லை, மேலே போங்கோ" என்று திரும்ப உள்ளே அனுப்பிவைத்தவன் நான். அதுவும் எல்லா வீட்டிலும் டீ போடுகிற நேரம் பார்த்து. திருவனந்தபுரத்தில் முட்டாள்தனத்துக்குப் பொன்னாடை போர்த்துகிற சபை ஏதாவது இருந்தால், அளவெடுக்க என்னிடம் வரலாம்.

கரமனையில் ஆற்றங்கரைத் தெருவில் வளர்ந்தவன் நான். வீடுகள் சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கும் தெரு அது. இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டிலிருந்து 'நூறு' என்று வாழ்த்துவார்கள். ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியே ஐம்பதைத் தாண்டினேன். முதலாளியின் மகன் கணக்கைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டு, என்னை மரியாதையாக வீட்டுக்கு அனுப்பினார். வீட்டில் உட்கார்ந்து மனைவியின் சமையலில் குறை கண்டுபிடிப்பதையே முழுநேர உத்தியோகமாக்கிக்கொண்டேன். சாம்பாரில் வெந்தயம் தூக்கல், ரசத்தில் பெருங்காயம் கம்மி, இப்படி. ஒருநாள் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏன்னா, உங்களுக்கு நாக்கு இருக்கு, எனக்குக் கை இருக்கு. ரெண்டையும் சேர்த்து விக்க முடியுமான்னு பாருங்கோ. சும்மா என் பிராணனை எடுக்கறதுக்கு, நாலு பேர் பிராணனை எடுத்தா நாலு காசாவது வரும்."

அப்படிப் பிறந்ததுதான் எங்கள் பொடி வியாபாரம். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெருங்காயம், எங்கள் ஊர்ப் பேச்சில் வெறும் காயம். சாலைக் கடைத்தெருவிலிருந்து கட்டிப் பெருங்காயம் வாங்கிவந்து, கிள்ளிக் கிள்ளித் துண்டாக்கி, இரும்புச் சட்டியில் பொரியும்வரை வறுத்து, ஆறவைத்துப் பொடிப்பாள்.

கரமனையில் அதை விற்க முடியாது. அங்கே ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் பொடி. காசு கொடுத்துப் பொடி வாங்கினேன் என்று ஒரு மாமி சொன்னால், அன்றைக்கு அந்தத் தெருவில் வேறு பேச்சே நடக்காது. ஆனால் ஊர் வேறு பக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. பைபாஸின் ஒரு கோடியில் கண்ணாடிக் கட்டடங்களில் கம்ப்யூட்டர் வேலை. மறு கோடியில் விழிஞ்ஞத்துக் கடலோரம் ராட்சசக் கிரேன்கள். நடுவில், நேற்று வரைக்கும் தென்னந்தோப்பாக இருந்த இடமெல்லாம் மாடி மேல் மாடி. மதுரை, கோயம்புத்தூர், விஜயவாடா என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள் அதில் குடியிருந்தார்கள். அவர்களுக்கு அம்மா வைக்கிற ரசம் வேண்டும். அம்மா கூட வரவில்லை. ஒவ்வொரு பால்கனியும் எனக்கு ஒரு காலி அஞ்சறைப் பெட்டியாகத் தெரிந்தது. தெருவீட்டில் என் பங்கை அண்ணாவுக்கு விட்டுவிட்டு, பைபாஸ் ஓரம் ஏழாம் மாடியில் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிபோனோம்.

முதல் மாதம் சொர்க்கம்தான். காலையில் காப்பியோடு பால்கனியில் நின்றால், தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரியும். கீழே போகிற வண்டிகளையெல்லாம் பார்க்கும்போது, இந்த ஊரே எனக்காக எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருப்பது போலிருக்கும். 'எங்கே போறேள், எதுக்குப் போறேள், போய் என்ன ஆகப்போறது' என்று யாரும் கேட்கவில்லை. போனில் ஆர்டர் வரும், டெலிவரிக்காரர் வருவார், பொட்டலம் போகும். முகமே பார்க்காத ஒரு பிள்ளை, 'உங்கள் ரசம் வைத்துக் குடித்தேன், அழுதுவிட்டேன்' என்று எழுதியிருந்தான். காரம் அதிகமாகிவிட்டதோ என்று மனைவி கவலைப்பட்டாள்.

அடுத்த மாதம்தான் லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த விதிகளை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். குடியிருப்புகளில் வியாபாரம் கூடாது; மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். என்ன நடவடிக்கை என்று எழுதவில்லை. எழுதாமல் விட்டதையெல்லாம் நானே இரவும் பகலும் எழுதிப் பார்த்தேன். ஃப்ளாட்டைப் பூட்டிச் சீல் வைப்பார்கள். சட்டி பானையோடு கரமனைக்கே திரும்புவேன். அண்ணா ஒன்றும் கேட்கமாட்டார், வாசலில் நின்று சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்புதான் சீலைவிடப் பயம்.

அதற்கப்புறம் ஒளிவு மறைவாகத்தான் எல்லாம். பொட்டலங்களைப் பூஜைப் பையில் போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசி, கோயிலுக்குப் போகிறவன் மாதிரி கேட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். நாளைக்கு நாலைந்து தடவை கோயிலுக்குப் போகிற மகான் என்று காவல்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட ஆரம்பித்தார். நானும் ஆசீர்வாதம் செய்தேன், வேறென்ன செய்ய?

பொட்டலத்தை மறைக்கலாம், மணத்தை எப்படி மறைப்பது? அந்தக் கட்டடத்தில் கீழிருந்து மொட்டைமாடி வரை ஒரு சந்து போகிறது, ஷாஃப்ட் என்பார்கள். சமையலறைப் புகையெல்லாம் அதில்தான் போகும். கீழே ஓர் அறையில் சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தி, எல்லா வீட்டுக்கும் கேஸ் கொண்டுபோகிற குழாயும் அதிலேயேதான் ஏறுகிறது. நாங்கள் சட்டியை அடுப்பில் வைத்தால் கட்டடம் முழுக்க மூக்கைச் சுளிக்கும். கேஸ் குழாய் இருக்கிற இடத்திலிருந்து அப்படி ஒரு வாடை வந்தால் ஜனங்கள் வேறு என்னத்தை நினைப்பார்கள்?

எதிர் ஃப்ளாட்டில் ஒரு பெண் தனியாக இருந்தாள். நாகர்கோவில்காரி. கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தபடியே. காதில் எந்நேரமும் ஹெட்போன், தோளில் எந்நேரமும் ஒரு மஞ்சள் பூனை. அவள்தான் முதலில் கதவைத் தட்டினாள்.

"அங்கிள், என்னமோ ஒரு வாடை அடிக்கி. உங்களுக்கு வரல்லியா?"

"வருதே! பலாப்பழம்மா. கீழே யாரோ உரிக்கறா."

அடுத்த வாரம் மறுபடி வந்தாள். அன்றைக்குச் சாக்கடை என்றேன். அதற்கடுத்த தடவை, விழிஞ்ஞத்தில் மீன்பாடு ஜாஸ்தி, காற்று இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கடலையே இழுத்துக்கொண்டு வந்தேன்.

"இத்தன நாளும் கடல் எங்க போயிருந்தது, அங்கிள்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பூனை மட்டும் கதவு மூடுகிறவரை என்னையே பார்த்தது. அதற்குத் தெரிந்திருக்கும்.

பிறகு அசோசியேஷன் வாட்ஸாப் குழுவில் ஒருவர், கேஸ் கசிகிறதோ என்று எழுதினார். சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்று, 'எனக்கும் வருகிறது, மிகவும் கவலையாக உள்ளது' என்று நானும் எழுதினேன். மனைவி அதைப் படித்துவிட்டு, "திருடனும் போலீஸோட சேர்ந்து விசில் ஊதறாப்பலேன்னா இருக்கு" என்றாள். கேஸ் கம்பெனி ஆள் ஒரு கருவியோடு வந்தார், ஷாஃப்ட் முழுக்கக் காட்டிப் பார்த்தார், ஒன்றுமில்லை என்று போய்விட்டார். அவர் எங்கள் வாசலைத் தாண்டும்வரை நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. பயந்தவன் செய்கிற காரியத்துக்குக் காரணம் ஏது?

அன்றைக்கு அப்பாவின் திவசம். கரமனையில் அண்ணா வீட்டில் எல்லாம் முடிந்தது. சாப்பாடு கழுத்துவரை. மனைவி பாத்திரம் ஒழிக்க அங்கேயே தங்கிவிட்டாள். சாயங்காலம் பஸ் பிடித்து வருகிறேன் என்றாள். நான் மட்டும் பஞ்சகச்சத்தோடு, கையில் எள்ளுருண்டைப் பையோடு, பாதித் தூக்கத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினேன்.

கேட்டுக்குள் நுழைந்தால் கார் நிறுத்துகிற இடத்தில் ஒரே கூட்டம். கைக்குழந்தையோடு ஒரு பெண், லுங்கியோடு இரண்டு பேர், செருப்பில்லாமல் ஒரு பெரியவர், தோளில் பூனை இல்லாமல் எதிர் ஃப்ளாட் பெண். நடுவில் அசோசியேஷன் செக்ரட்டரி. அவர் சர்க்காரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னும் ஓய்வு பெற்றதாக அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"ஸ்வாமி, உள்ளே போகண்டா! ஏழாம் ஃப்ளோர் முழுக்க கேஸ் மணம். கீழே வரைக்கும் வந்தாச்சு. கம்பெனிக்காரனை விளிச்சிருக்கு. ஃபயர் ஃபோர்ஸையும் விளிக்கப் போறேன்."

வாசல் பக்கம் போய் மோந்து பார்த்தேன். பெருங்காயம்! இத்தனை மாதம் அதோடேயே வாழ்ந்து, எதை மோந்தாலும் பெருங்காயம் என்று சொல்லுகிற நிலைக்கு என் மூக்கு வந்திருந்தது. அதன் பேச்சை நான் நம்பினேன். என் கண்முன்னால் சிவப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. தலைக்கவசக்காரர்கள் வீடு வீடாகக் கதவை உடைத்தார்கள். என் வீட்டில் தகர டப்பாக்கள் வரிசையாக நின்றன. குழந்தை வேறு வெயிலில் வீரிட்டு அழுதது. செக்ரட்டரி போனைக் காதில் வைத்தார்.

"சார், வேண்டாம்! அது கேஸ் இல்லை."

"பின்னே?"

"என் காயம்."

யாருக்கும் புரியவில்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். சட்டி, பொடி, ஆர்டர், பூஜைப் பை, கோயில். கோயில் என்றதும் காவல்காரர் முகம் விழுந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு லுங்கிக்காரர்களில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். அது எல்லோருக்கும் பரவியது.

"ஸ்வாமியோட ரசப்பொடி நம்ம வீட்டிலயும் உண்டு! ஆப்பில வாங்கினது. இத்தனை அடுத்து இருந்துகொண்டு டெலிவரி சார்ஜ் வேறயா?"

"அப்போ அந்தப் பலாப்பழம்?" என்று எதிர் ஃப்ளாட் பெண் கேட்டாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அதுவும் காயம்தாம்மா."

"கடல்?"

"எல்லாம் காயம்தான். இனிமே பொய் சொல்ல மாட்டேன். ஒரு பயமும் இல்லை, மேலே போங்கோ."

செக்ரட்டரி கம்பெனிக்குப் போன் செய்து, வரவேண்டாம் என்றார். என்னிடம், "வியாபாரத்தின் காரியம் நாளைக்குக் கமிட்டியில் பேசலாம்" என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். கூட்டம் லிஃப்டில் ஏறிப் போயிற்று. அந்தப் பெண்ணும் போனாள். நான் அங்கேயே ஒரு காரின் மேல் சாய்ந்து நின்றேன். கமிட்டி என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். மாதக்கணக்கில் மார்பில் உட்கார்ந்திருந்த ஆனை இறங்கிப் போய்விட்டது. இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லவேண்டுமே. மனைவியைக் கூப்பிட்டேன்.

"கேட்டியா, எல்லார் முன்னாலேயும் உண்மையைச் சொல்லிட்டேன். கேஸுன்னு பயந்து எல்லாரும் கீழே வந்து நின்னா. கேஸ் இல்லை, நம்ம காயம்னு சொல்லி மேலே அனுப்பிட்டேன்."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

"எந்தக் காயம்?"

"நம்ம காயம்தான். காயத்திலே எத்தனை காயம்?"

"ஏன்னா, இன்னிக்கு உங்கப்பா திவசமாக்கும். திவசச் சமையல்லே காயம் சேருமோ? அந்த மணம் கையை விட்டுப் போகணுமேன்னு போன வாரமே சட்டியைக் கழுவிக் கவுத்துட்டேனே, நீங்கதானே டப்பாவையெல்லாம் கட்டி பரண்லே ஏத்தினேள்? நம்மாத்திலே அடுப்பே பத்தலே. எந்தக் காயம்?"

டப்பாக்களின் வாயை பிளாஸ்டிக் உறை போட்டு நான்தான் கட்டினேன். கட்டும்போது கயிறு விரலை அறுத்த தடம்கூட இன்னும் இருந்தது. அப்படியானால் வாசலில் நான் மோந்தது எது? மேலே போனவர்கள் இந்நேரம் என்ன செய்வார்கள்? வெயிலில் நின்று களைத்து வந்தவர்கள். டீ போடுவார்கள். ஒவ்வொருத்தராக அடுப்படிக்குப் போய், லைட்டரை எடுத்து...

கத்திக்கொண்டு காவல்காரரிடம் ஓடினேன். "மெயின் வால்வை மூடு! கேஸ்! நிஜமாவே கேஸ்!"

அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. இன்றைக்குத்தான் முதல்முறை. "ஸ்வாமி இப்பத்தானே காயம்னு சொன்னது? மனுஷனை எத்தற தடவை கோயிலுக்குக் கொண்டு போவீங்க?"

கையிலிருந்த போனில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஸ்பீக்கரைக்கூட அழுத்தவில்லை, அவள் போட்ட சத்தத்துக்கு அது தேவைப்படவில்லை. "அவர் பேச்சைக் கேக்காண்டாம், நான் சொல்றேன்! வால்வைப் பூட்டும் ஓய்!" அவர் அலறியடித்துக்கொண்டு சிலிண்டர் அறைக்கு ஓடினார்.

வால்வை மூடினாலும் ஏற்கெனவே கசிந்தது கசிந்ததுதானே. லிஃப்ட் பொத்தானுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அதில் பொறி பறந்தால்? மாடிப்படியில் ஏறினேன். பஞ்சகச்சம் அவிழ்ந்து காலைத் தட்டியது. வாரிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினேன். ஒவ்வொரு தளத்திலும் உள்ளங்கையால் கதவுகளை அறைந்தேன். காலிங் பெல்லையும் தொடவில்லை. "அடுப்பைப் பத்த வைக்காதீங்கோ! சுவிட்சைத் தொடாதீங்கோ! கீழே போங்கோ!"

ஒரு கதவு திறந்தது. லுங்கிக்காரர். "இதென்ன ஸ்வாமி, இப்போ காயம் மாறி கேஸ் ஆயோ? நாளைக்கு என்ன?"

"நாளைக்கு இருக்கணும்னா கீழே போம்!"

என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. உள்ளே திரும்பி வீட்டாரைக் கூப்பிட்டார். கைக்குழந்தைக்காரியின் கையில் பால் பாத்திரம் இருந்தது. நல்லவேளை, கையில்தான் இருந்தது. அவளைப் படியில் இறங்கச் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். ஏற ஏற வாடை ஏறியது. இப்போது அதில் பெருங்காயத்தின் சாயல்கூட இல்லை. எப்படி இதை மோந்து அப்படிச் சொன்னேன்?

ஏழாம் மாடியில் அடித்தொண்டை கமறியது. ஷாஃப்டின் கதவை ஒட்டித்தான் எதிர் ஃப்ளாட். அந்தப் பெண்ணின் கதவை அறைந்தேன். பதில் இல்லை. ஹெட்போன் போட்டிருப்பாள், கேட்காது. இரண்டு கையாலும் அறைந்தேன், காலால் உதைத்தேன். எள்ளுருண்டைப் பை எங்கேயோ விழுந்து உருண்டைகள் படியில் உருண்டன. கதவில் காதை வைத்தேன். பூனைச் சத்தமாவது வருகிறதா? இல்லை. கூடத்தில் மயங்கிக் கிடக்கிறாளா? நான் சொன்னதைக் கேட்டு, நான் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னதைக் கேட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள். நாகர்கோவிலில் அவளுக்கு ஓர் அப்பா இருப்பார். என்னைப்போல் ஒரு வேட்டிக்காரராக இருப்பார். அவரிடம் நான் என்ன சொல்வேன்? பெருங்காயம் என்று நினைத்தேன் சார் என்றா?

கதவில் தோளால் மோதினேன். இந்தத் தோளால் கதவு திறக்கும் என்று நினைத்தது அன்றைய முட்டாள்தனங்களில் கடைசி. மறுபடி மோதினேன். அழுதேனோ என்னவோ, கண்ணில் கேஸ் எரிந்ததா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. காவல்காரர் மூச்சு வாங்க வந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். "ஸ்வாமி, வாங்க, எல்லாரும் இறங்கியாச்சு!" "இவள் இறங்கலே, இவள் உள்ளே இருக்கா!" என்று நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை மூட்டை மாதிரி இறக்கிக் கொண்டுபோனார்.

செக்ரட்டரி மறுபடி போன் செய்து, கேஸ் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். ஏழாம் மாடி ஷாஃப்டில் ஒரு இணைப்பு கழன்று வாய் திறந்திருந்தது என்றார்கள். யாராவது பற்றவைத்திருந்தால், என்று ஆரம்பித்த ஒருவர், என்னைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் பிற்பாடு. காவல்காரர் என்னைக் கீழே இறக்கியபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் சுற்றுச்சுவர் ஓரத்து நிழலில் தெரிந்த ஒரு மஞ்சள் நிறம்தான். பூனை. கூடைக்குள் பூனை. கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

கிட்டப் போய்த் தரையிலேயே உட்கார்ந்தேன்.

"நீ... மேலே போனியே?"

"பூனைய எடுக்கப் போனேன். எடுத்துட்டுப் பின்பக்கப் படி வழியா இறங்கிட்டேன்."

"எப்போ?"

"அப்பவே."

அப்படியானால் நான் உதைத்தது காலி வீட்டின் கதவை. சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்து வந்தன. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பூனையைத் தடவப் போனேன், அது சீறியது.

"ஏம்மா, கேஸ் இல்லை, ஒரு பயமும் இல்லைன்னு நான் அத்தனை சொன்னேனே. எல்லாரும் நம்பி மேலே போனாளே. நீ மட்டும் ஏன் உடனே இறங்கி வந்தே?"

அவள் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க சொன்னதுனாலதான், அங்கிள்."